மேசன் கரண்டியும் கடவுச்சீட்டும்: கிழக்கிலங்கை முஸ்லிம் தொழிலாளரின் வளைகுடாப் பயணம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையிலிருந்து மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்றோரைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வுகளில் பெரும்பகுதி வீட்டுப் பணிப்பெண்களைப் பற்றியது. அதற்கு நியாயமான காரணம் உண்டு. 1990களின் நடுப்பகுதியில் இந்நாட்டிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். அவர்கள் பட்ட துன்பமும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால், அந்தப் பாதையில் முதலில் கால் வைத்தவர்களில் பெருந்தொகையினர் ஆண்கள். அவர்களுள்ளும் மேசன், ஓடாவி, கம்பி கட்டுபவர், வயரிங் வேலைக்காரர், வெல்டர், சாரதி என்று கையில் ஒரு தொழில் இருந்தவர்கள். நமது ஊர்களில் இன்று 65, 70 வயதில் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருக்கும் பலர் அந்த முதல் தலைமுறை. அவர்களைப் பற்றி நாம் அதிகம் எழுதி வைக்கவில்லை.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது அதே கேள்வியின் முன்னால் நிற்கிறார்கள். போறதா, இரிக்கிறதா? க.பொ.த. சாதாரண தரம் முடித்து, இரண்டொரு வருடம் ஒரு பாஸிடம் வேலை பழகி, கையில் தொழில் படிந்து வரும் வயதில் இந்தக் கேள்வி வருகிறது. அதைப் பெரும்பாலும் சம்பளக் கேள்வியாகவே நாம் பேசுகிறோம். அங்கே எவ்வளவு, இங்கே எவ்வளவு என்ற கழித்தல் கணக்கோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கடந்த நாற்பத்தைந்து, ஐம்பது வருட அனுபவத்தைத் திருப்பிப் பார்த்தால், பயணத்தில் வென்றவனையும் தோற்றவனையும் பிரித்தவை வேறு இரண்டு விடயங்கள் என்று தெரிகிறது. ஒன்று, அவனுடைய தொழில் தாளில் எழுதப்பட்டிருந்ததா என்பது. மற்றது, திரும்பி வரும் தவணையைத் தீர்மானிக்க அவனுடைய வீடு அவனை விட்டதா என்பது. இக்கட்டுரை இவ்விரண்டையும் கிழக்கிலங்கையை முன்வைத்துப் பார்க்க முயல்கிறது.

சரக்கோடு போனவரும் கையோடு போனவரும்

நமது சமூகத்துக்குப் பயணம் புதிதன்று. கடல்வழி வணிகத்தோடு பிணைந்த வரலாறு நம்முடையது. உள்நாட்டிலும் காத்தான்குடி வணிகர்கள் நாட்டின் பல பாகங்களில் கடை போட்டிருந்தார்கள். மாதக்கணக்கில் வெளியூரில் இருந்துவிட்டு நோன்புக்கும் பெருநாளுக்கும் ஊர் வரும் வாப்பா நமக்குப் பழக்கமானவர்.

ஆனால் யாவாரத்துக்குப் போவதும் வேலைக்குப் போவதும் ஒன்றல்ல. சரக்கைக் கொண்டு போனவன் தன் விலையைத் தானே பேசினான். கட்டவில்லை என்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த சந்தைக்குப் போனான். கையைக் கொண்டு போனவனுக்காக விலை பேசியவர்கள் வேறு ஆட்கள்: ஊரில் ஒரு சப் ஏஜென்ட், கொழும்பில் ஒரு ஏஜென்சி, அங்கே ஒரு கபீல். அடுத்த சந்தைக்குப் போகும் உரிமையும் அவனுக்கு இருக்கவில்லை. வளைகுடா நாடுகளின் கபாலா முறை தொழிலாளியின் வதிவிட உரிமையை ஒரே ஒரு முதலாளியோடு கட்டிப்போட்டது. அந்த முதலாளியை விட்டு வெளியேறினால் இகாமா செல்லாது. பிடிபட்டால் சிறை, நாடுகடத்தல்.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள நமக்குக் காலம் எடுத்தது என்பதற்கு நமது பேச்சுமொழியே சாட்சி. "விசா வாங்கினான்" என்றுதான் இன்றும் சொல்கிறோம். ஆள் தேவைப்படும் முதலாளி செலவு செய்து எடுக்க வேண்டிய ஒன்றை, வேலைக்குப் போறவன் காசு கொடுத்து வாங்கும் பண்டமாக நாம் ஏற்றுக்கொண்டோம். யாவாரத்துக்கு முதல் போடுவதுபோல விசாவுக்கு முதல் போட்டோம். உம்மாவின் மாலை, வளவின் ஒரு துண்டு, வட்டிக்கு எடுத்த காசு ஆகியவைதான் அந்த முதல். போட்ட முதலை எடுக்கும்வரை, அதாவது முதல் எட்டுப் பத்து மாதங்களுக்காவது, எந்த அநியாயத்தையும் சகித்துக்கொண்டு இருக்கும் நிலையும் அதோடு சேர்ந்து வந்தது.

எண்ணெய், திறந்த சந்தை, சூறாவளி

1973 ஒக்டோபர் யுத்தத்தைத் தொடர்ந்து, பீப்பாய் ஒன்று ஏறத்தாழ 3 டொலராக இருந்த மசகு எண்ணெயின் விலை 1974 தொடக்கத்தில் 12 டொலரை நெருங்கியது. அந்தப் பணம் வளைகுடா நாடுகளில் வீதியாகவும் துறைமுகமாகவும் வைத்தியசாலையாகவும் மாறத் தொடங்கியது. பணம் இருந்தது, கட்டுவதற்குக் கைகள் இருக்கவில்லை.

இங்கே 1977 ஆட்சி மாற்றத்தோடு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அந்த வருட இறுதியில் ரூபா மதிப்பிறக்கப்பட்டு டொலர் ஒன்று 16 ரூபா அளவுக்கு வந்தது. வெளியே உழைத்து அனுப்பும் காசின் பெறுமதி ஒரே இரவில் ஊரில் பெருகியது. அதே திறந்த சந்தை இன்னொரு பக்கத்தில் நமது தொழில்களை உடைத்தது. இறக்குமதித் துணி வந்து குவிந்தபோது நாடெங்கும் கைத்தறி நலிந்தது. மருதமுனையின் தறிகளும் அதற்கு விலக்காகவில்லை. வாப்பா நெய்த தறியில் மகன் இருக்கமாட்டான் என்ற நிலை அப்போதுதான் உருவாகத் தொடங்கியது. 1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளி தென்னந்தோட்டங்களையும் வீடுகளையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. ஓலைக்கூரை பறந்துபோன குடும்பங்கள் கல்வீட்டைக் கனவு காணத் தொடங்கின. கல்வீட்டுக்குக் காசு வேண்டும்.

இங்கு ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் நாட்டுக்குள்ளே கட்டட வேலை இல்லாமல் இல்லை. துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம் தொடங்கியிருந்தது. ஒரு இலட்சம் வீடமைப்புத் திட்டம் 1978இல் ஆரம்பமானது. 1982இல் திறக்கப்பட்ட கோட்டே பாராளுமன்றக் கட்டடத்தின் வேலை நடந்துகொண்டிருந்தது. நல்ல மேசனுக்கும் நல்ல ஓடாவிக்கும் நாட்டுக்குள் தட்டுப்பாடு ஏற்பட்டு, கூலியும் ஏறியது. எனவே, முதல் தலைமுறை "இங்கே வேலையே இல்லை" என்று போன தலைமுறை அன்று. இரண்டு இடங்களிலும் வேலை இருந்தபோது, அவர்கள் நிறுத்துப் பார்த்துப் போனார்கள். அன்று சவூதி றியால் ஒன்று ஏறத்தாழ 5 ரூபா. மாதச் சம்பளத்தை ரூபாவில் பெருக்கிப் பார்த்தால், ஊரில் ஒரு வருடத்தில் சேர்க்க முடியாத காசு அங்கே சில மாதங்களில் கிடைத்தது. தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

1979 செப்டெம்பரில் எயார் லங்கா பறக்கத் தொடங்கியது. போனவர்கள் ஊரிலுள்ள தம்பிக்கும் மச்சானுக்கும் விசா அனுப்பினார்கள். கடிதத்தோடு கசட்டும் வந்தது. எழுத வராத உம்மாமார் கசட்டில் பேசி மகனுக்கு அனுப்பினார்கள். மறுபக்கம், ஏமாற்றுக்காரர்களும் பெருகினார்கள். பயண முகவர்களைக் கட்டுப்படுத்த 1980இல் ஒரு சட்டமும், பின்னர் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் வந்தன. முதலாவது பெரும் அலை போய்ப் பல வருடங்களின் பின்னரே அரசு பின்னால் வந்து சேர்ந்தது என்பதை இந்தத் திகதிகள் காட்டுகின்றன.

குமர் வீடு

கிழக்கிலங்கை இளைஞனின் பயணத்தை வேறு பிரதேச இளைஞனின் பயணத்திலிருந்து பிரித்துக் காட்டுவது நமது குடியிருப்பு வழக்கம். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். ஒரு வீட்டில் மூன்று குமர் இருந்தால் மூன்று வீடு வேண்டும். வாப்பாவால் முடியாத இடத்தில் அந்தச் சுமை ஆண் பிள்ளைகளின் தோளில் இறங்கும். "தங்கச்சிட வீட்ட முடிச்சாத்தான் எண்ட கலியாணம்" என்ற பேச்சைக் கேட்காத தெரு நமது ஊர்களில் இல்லை.

ஓலையும் களிமண்ணும் கொண்டு வீடு கட்டிய காலத்தில் இந்த வழக்கத்தைத் தாங்க முடிந்தது. உறவுக்காரர் கூடி நாலைந்து கிழமையில் ஒரு வீட்டை எழுப்பினார்கள். வெளிநாட்டுக் காசு வந்தபின் வீட்டின் அளவு மாறியது. முதலில் கல்லும் ஓடும், பிறகு மேல்மாடி, பிறகு டைல்ஸும் ஜிப்சம் சீலிங்கும். ஒரு வீட்டில் கட்டியதைப் பார்த்து அடுத்த வீட்டின் பேச்சுவார்த்தையில் கேட்டார்கள். சந்ததி பெருக, கடலுக்கும் வாவிக்கும் வயலுக்கும் இடையில் அடைபட்ட ஊர்களில் காணி விலை ஏறியது. பயணத்தால் கிடைத்த காசு, அடுத்த பயணத்தைக் கட்டாயமாக்கும் விலையேற்றத்துக்கும் காரணமாயிற்று.

இதில் மேசனின் நிலைமை விசித்திரமானது. மற்றவர்களுக்கு வீடு கட்டுவதே அவன் தொழில். ஆனால் தன் தங்கச்சிக்கு ஒரு வீடு கட்ட அவன் பாலைவனத்தில் யாரோ ஒருவருடைய மாளிகைக்குச் சாந்து பூச வேண்டியிருந்தது. அங்கிருந்து காசு அனுப்பி, ஊரில் வேறொரு மேசனைக் கொண்டு அந்த வீட்டைக் கட்டினான். கட்டி முடித்த வீட்டில் அவன் இருக்கவும் மாட்டான். மனைவிக்குக் கொடுத்த வீட்டில்தான் இருப்பான். இரண்டு வருடம் என்று போனவன் இருபது வருடம் இருந்ததற்குப் பெரும்பாலும் இந்தக் கணக்கே காரணம். ஒரு தங்கச்சியின் வீடு முடிய அடுத்தவள் வளர்ந்திருப்பாள். அவள் வீடும் முடிய, அவனுடைய மகளே குமராகியிருப்பாள்.

ஆகவே "போறதா, இரிக்கிறதா" என்பது ஓர் இளைஞனின் தனிப்பட்ட தெரிவு என்று நாம் எழுதுவது நமது ஊர்களைப் பொறுத்தவரை பாதி உண்மை. தராசின் தட்டில் நிறையை வைத்தவர்கள் வேறு ஆட்கள். தவணையை நீட்டியவர்களும் அவர்கள்தான்.

1990

1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. அங்கே ஏறத்தாழ ஒரு இலட்சம் இலங்கையர் இருந்தார்கள். குவைத் தினாரில் சேர்த்து வைத்திருந்த காசு கடதாசியானது. பல்லாயிரம் பேர் ஈராக் வழியாக ஜோர்தான் எல்லை வரை போய், பாலைவன முகாம்களில் விமானத்துக்காகக் காத்திருந்தார்கள்.

மறுநாள் ஓகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை. அன்றிரவு இஷாத் தொழுகையில் காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு வாரம் கழித்து ஏறாவூர். அதே வருடம் ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் முழுமையாக வெளியேற்றப்பட்டார்கள்.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் நாம் வெவ்வேறு அத்தியாயங்களில் எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தக் கிழமையில் குவைத்திலிருந்த காத்தான்குடி, ஏறாவூர் இளைஞனுக்கு அவை ஒரே அத்தியாயம். இருக்கும் இடத்திலும் குண்டு, திரும்பிப் போகும் இடத்திலும் குண்டு. ஊரிலிருந்த உம்மாவுக்கு மகனின் செய்தி இல்லை. மகனுக்கு உம்மாவின் செய்தி இல்லை. குவைத்திலிருந்து வெளியேறியோருக்குப் பின்னர் ஐக்கிய நாடுகளின் இழப்பீட்டு ஆணைக்குழுவினூடாக நட்டஈடு கிடைத்தது. அந்தக் காசில் நிமிர்ந்த குடும்பங்கள் உண்டு. அதைக் கோருவதற்கு, தான் குவைத்தில் இருந்தேன் என்று காட்ட வேண்டியிருந்தது. கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் என்று ஏதாவது ஒரு தாளைக் காப்பாற்றி வைத்திருந்தவனின் பாதை இலகுவாக இருந்தது.

1990க்குப் பிறகு தராசின் தன்மையே மாறியது. வயல் காணிகளுக்குப் போகப் பயம், வீதியில் போகப் பயம், வெளியூரில் வேலைக்குத் தங்கப் பயம். தமிழ்க் கிராமங்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் மாறி மாறி வேலை செய்த மேசனுக்கும் ஓடாவிக்கும் ஊர் எல்லையே உலக எல்லையாகச் சுருங்கியது. அந்தத் தலைமுறை காசுக்காக மட்டும் போகவில்லை. உயிரோடு இருக்கட்டும் என்று பிள்ளையை அனுப்பிய உம்மாமாரும் இருந்தார்கள். இந்த வேதனை நமக்கு மட்டும் உரியதன்று. நம் பக்கத்து ஊர்களின் தமிழ் இளைஞர்களும் இதே காரணத்துக்காக வேறு வேறு திசைகளில் புறப்பட்டார்கள்.

விசாவில் எழுதப்பட்ட தொழில்

முதல் தலைமுறையில் பலருக்குத் தொழில் கையில் இருந்தது, தாளில் இருக்கவில்லை. வாப்பாவிடமோ மாமாவிடமோ கையாளாகச் சேர்ந்து, கல் தூக்கி, சாந்து குழைத்து, நாலைந்து வருடத்தில் தூக்குக்குண்டும் மட்டமும் பிடிக்கப் பழகியவர்கள். ஊரில் அவர்களுக்குச் சான்றிதழ் அவர்கள் எழுப்பிய சுவர். ஆனால் அந்தச் சுவரை விமானத்தில் ஏற்ற முடியாது.

அங்கே போய் இறங்கியவனின் இகாமாவில் அறபில் "ஆமில்" என்று எழுதியிருக்கும். வெறும் வேலையாள் என்பதுதான் அதன் பொருள். இருபது வருட ஓடாவியும் நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டவனும் அந்தச் சொல்லின் கீழ் ஒன்று. கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று, அங்கே நீட்டிய ஒப்பந்தம் இன்னொன்று என்பதும் வழமையாக நடந்தது. இரண்டாவது அறபில் இருக்கும், வாசிக்கத் தெரியாது. குர்ஆனை அழகாக ஓதத் தெரிந்த எத்தனையோ பேர் தங்கள் சம்பளத்தை எழுதிய அறபை விளங்க முடியாமல் கையெழுத்திட்டார்கள். "ப்ரீ விசா" என்ற பெயரில் போனவர்களின் பாடு இன்னும் மோசம். கபீலுக்கு வருடா வருடம் காசு கட்டிவிட்டு வெளியில் வேலை தேடுவது சட்டப்படி குற்றம் என்பது பலருக்குப் பிடிபட்ட பிறகே தெரிந்தது. 2013இல் சவூதி அரசு பொதுமன்னிப்புக் காலம் கொடுத்துப் பின்னர் தேடுதல் நடத்தியபோது அவதிப்பட்டவர்களில் இவ்வகையினர் ஏராளம்.

தாளில் பொய் எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு மூதூர்ச் சிறுமி றிஸானா நபீக்கின் கதையை விடப் பெரிய பாடம் வேண்டியதில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரப்படி 17 வயது. வயதைக் கூட்டி எழுதிய கடவுச்சீட்டில் 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டார். 2013 ஜனவரி 9ஆம் திகதி அங்கே மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. தொழிலாளியின் நிலைமை அந்த அளவுக்குப் போவதில்லை என்றாலும், அடிப்படை ஒன்றுதான். அந்நிய மண்ணில் ஒருவனுக்காகப் பேசுவது அவனுடைய தாள். அது பொய்யாக இருந்தால் அவனுக்காகப் பேச எதுவும் இல்லை.

சட்டங்கள் பிறகு ஓரளவு மாறின. கட்டார் 2020இல் முதலாளியின் ஆட்சேபனையின்மைக் கடிதம் இல்லாமலே வேலை மாற அனுமதித்தது. 2021 மார்ச்சில் மாதம் 1,000 றியால் என்று ஆகக்குறைந்த சம்பளத்தையும் கொண்டுவந்தது. உணவும் தங்குமிடமும் கொடுக்காவிட்டால் அதற்கு வேறாகக் கொடுக்க வேண்டும். சவூதியும் 2021இல் வேலை மாறும் விதிகளைத் தளர்த்தியது. கோடை வெயிலில் நண்பகல் வேளையில் வெளிவேலை செய்விக்கத் தடையும் உண்டு. சவூதித் தொழிற்சட்டப்படி வேலை முடித்து வருபவனுக்கு முதல் ஐந்து வருடங்களில் வருடத்துக்கு அரை மாதச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட வருடங்களுக்கு ஒரு மாதச் சம்பளமும் சேவைமுடிவுப் பணமாகச் சேரும். தானாக விலகுபவனுக்கு அது குறையும், இரண்டு வருடத்துக்கு உட்பட்டால் இல்லாமலும் போகும். எத்தனை பேர் இதைத் தெரிந்து போகிறார்கள்? கேட்காதவனுக்குக் கொடுக்காமல் விட்ட முதலாளிமார் அங்கே குறைவில்லை.

இருந்தவர்களின் கணக்கு

போனவர்களைப் பற்றியே பேசுகிறோம். இருந்தவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடி, கிண்ணியா என்று நமது கரையோரத்தை அடித்துச் சென்றது. அதற்கடுத்த இரண்டு மூன்று வருடங்கள் மேசனுக்கும் ஓடாவிக்கும் ஊரிலேயே ஓய்வில்லாத வேலை. கூலி ஏறியது. வெளிநாட்டிலிருந்து வந்து ஊரிலேயே நின்றுவிட்டவர்களும் உண்டு. ஆனால் நிவாரண வீடுகள் முடிந்ததும் வேலையும் முடிந்தது.

அங்கேயும் வேலை நிலையானதாக இருக்கவில்லை. 2008 உலக நிதி நெருக்கடியின்போது டுபாயில் அரைவாசியில் நின்ற கட்டடங்கள், 2016இல் எண்ணெய் விலைச் சரிவோடு சவூதியின் பெரிய கட்டட நிறுவனங்களில் மாதக்கணக்காகச் சம்பளம் கிடைக்காமல் முகாமில் கிடந்த தொழிலாளர், 2020இல் கொவிட் காலத்தில் வேலையும் இல்லாமல் ஊர் வரவும் முடியாமல் தவித்தவர்கள் என்று இந்தப் பட்டியல் நீளும். வளைகுடாவின் வேலை எண்ணெய் விலையோடு ஏறி இறங்கும் வேலை. 22 வயதில் போகிறவன் 40 வயதுக்குள் இப்படியான இரண்டு மூன்று சரிவுகளைக் காண்பான் என்று எதிர்பார்த்தே போக வேண்டும்.

ஊரிலிருந்தவனின் மனதை ஆட்டியவை வேறும் உண்டு. 2014இல் அளுத்கம, 2018இல் திகன, 2019 மே மாதத்தில் வடமேல் மாகாணமும் மினுவாங்கொடையும் எரிந்தபோது, உழைத்துக் கட்டியது ஒரு நாளில் போகலாம் என்ற பயம் எரியாத ஊர்களிலும் பரவியது. அதன்பின் 2022. டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபா வரை போனது. 2021இல் 1,000 ரூபா அளவில் இருந்த சீமெந்து மூட்டை 3,000 ரூபாவை நெருங்கியது. கட்டட வேலைகள் அப்படியே நின்றன. கடவுச்சீட்டுக்கு இரவிரவாக வரிசையில் நின்ற காட்சி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஒரு வருடத்தில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். 1979இல் இரண்டு வேலைகளை நிறுத்துப் பார்த்துப் போனார்கள். 2022இல் பலருக்கு நிறுக்க இங்கே ஒன்றும் இருக்கவில்லை.

இன்றைக்கு ஒரு கணக்கு

பதற்றம் ஓரளவு தணிந்திருக்கும் இந்த நேரத்தில் கணக்கை மீண்டும் போட்டுப் பார்ப்பது நல்லது. ஊரில் ஒரு மேசனின் நாட்கூலி 4,000 ரூபா, மாதத்தில் 20 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். 80,000 ரூபா. கட்டாரின் ஆகக்குறைந்த சம்பளமான 1,000 றியாலை, டொலர் 300 ரூபா என்று வைத்து ரூபாவுக்கு மாற்றினால் 82,000 அளவில் வரும். தொழில் தெரிந்த மேசன் வெறும் லேபர் விசாவில் அந்தச் சம்பளத்துக்குப் போனால், ஊரில் 20 நாளில் உழைப்பதை அங்கே மாதம் முழுக்க நின்று உழைக்கிறான். சாப்பாடும் இருப்பிடமும் அங்கே கிடைப்பதால் மிச்சம் கூட இருக்கும் என்பது சரி. மழைக் காலத்தில் ஊரில் 20 நாள் கிடைக்காது என்பதும் சரி. ஆனால் விசாவுக்குப் போட்ட கடனையும் அதன் வட்டியையும் கழிக்க வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் முதல் வருடம் அதற்கே போய்விடும். அதே மேசன் மேசனாகவே பதியப்பட்டு, அதற்குரிய சம்பளத்துக்குப் போனால் கணக்கு முற்றாக மாறும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1980இல் 5 ரூபாவாக இருந்த சவூதி றியால் இன்று 80 ரூபா. பதினாறு மடங்கு. வாப்பாவின் காலத்தைவிட இன்று கூடக் காசு வருகிறது என்று இளைஞர் நினைக்க இதுதான் காரணம். உண்மையில் றியால் ஏறவில்லை, ரூபா இறங்கியது. காணியும் சீமெந்தும் தங்கமும் அதோடு சேர்ந்து ஏறிவிட்டன. வாப்பா இரண்டு தவணையில் கட்டிய வீட்டை மகன் இரண்டு தவணையில் கட்ட முடியாது.

என்னிடம் தமிழ் படித்து, பிறகு தொழிற்பயிற்சி நிலையமொன்றில் மின்சார வேலை பழகிய மாணவன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் ஓர் ஒப்பந்தப் பிரதியைக் கொண்டுவந்து, "சேர், காக்கா விசா அனுப்பியிருக்கார். போறதா, இரிக்கிறதா? நீங்க சொல்லுங்க" என்றான். தாளைப் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் வெறும் வேலையாள் என்றிருந்தது. "மகன், உண்ட சேட்டிபிக்கட்ட காக்கா அங்க காட்டினாரா?" என்று கேட்டேன். காட்டலாம் என்பதே அவர்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. போ என்றோ இரு என்றோ நான் சொல்லவில்லை. இந்தத் தாளில் போகாதே என்று மட்டும் சொன்னேன். அவன் காத்திருக்கிறான். வீட்டில் இரண்டு தங்கச்சிமார். எவ்வளவு காலம் காத்திருக்க அவனை விடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது.

தாளும் தவணையும்

நமது நாட்டில் தேசிய தொழிற்தகைமை (என்.வி.கியூ.) என்ற ஏழு மட்டச் சான்றிதழ் முறை இயங்கி வருகிறது. அதில் மூன்றாம், நான்காம் மட்டங்கள் கைத்தொழில் தெரிந்தவனுக்கு உரியவை. வகுப்புக்குப் போகாமல் பாஸிடம் பழகியவனும் தன் வேலையைச் செய்து காட்டி மதிப்பீட்டின் மூலம் இச்சான்றிதழைப் பெற வழி உண்டு. நமது ஊர்களில் பள்ளிக்கூடத்தில் சித்தியடையாத பிள்ளையைத்தான் தொழிலுக்கு அனுப்புகிறோம். தொழிலுக்கும் பரீட்சை உண்டு, சான்றிதழ் உண்டு என்பதைச் சொல்லி அனுப்புவதில்லை. பாடசாலைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் செய்யக்கூடிய மிக இலகுவான காரியம் இது. ஒவ்வோர் ஊரிலும் ஐம்பது, நூறு பேர் கையில் தொழிலோடும் தாள் இல்லாமலும் இருப்பார்கள். போகிறவனுக்கு அது சம்பளத்தைக் கூட்டும். இருப்பவனுக்கும் நாளை ஒரு கம்பனி வேலைக்கோ ஒப்பந்தத்துக்கோ உதவும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளும்படி பணிக்கும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். சப் ஏஜென்ட்டிடம் ஐந்து, ஆறு இலட்சத்தைப் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுப்பதும், வாசிக்காத ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும் அந்தப் பண்பாட்டுக்கு எவ்வகையில் பொருந்தும்? அறபு தெரிந்த மௌலவிமார் இல்லாத ஊர் நம்மிடம் இல்லை. கிழமைக்கு ஒரு நாள் பள்ளிவாசலில் இருந்து, பயணம் போகும் பிள்ளைகளின் ஒப்பந்தத்தை வாசித்துப் பொருள் சொல்வது அவர்களால் முடியாத காரியமா?

தவணை பற்றியது இதைவிடக் கடினம். தாளை இளைஞன் எடுக்கலாம். தவணையைக் குடும்பமும் ஊரும் சேர்ந்துதான் கொடுக்க வேண்டும். மேல்மாடி இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ளை வரமாட்டார் என்ற நிலை நீடிக்கும்வரை, எந்தச் சான்றிதழோடு போனாலும் அவன் இருபது வருடத்துக்குத்தான் போகிறான். சீதனம் பற்றிய நமது பேச்சுகள் எல்லாம் பெண்ணின் கண்ணீரைப் பற்றியவை, அது நியாயம்தான். அந்த வீட்டின் கல்லைச் சுமந்த ஆண் பிள்ளையின் வாலிபமும் அதே கணக்கில் சேர வேண்டும்.

கடைசியாக ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1970களின் இறுதியில் போனவர்களின் கடவுச்சீட்டுகளும் ஒப்பந்தங்களும் வங்கி டிராஃப்ட் துண்டுகளும் கசட்டுகளும் இன்னும் சில வீட்டு அலுமாரிகளில் இருக்கின்றன. குவைத்திலிருந்து நடந்து வந்தவர்களில் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் போனபோது என்ன சொல்லிப் போனார்கள், எத்தனை வருடத்துக்கு என்று போனார்கள், எத்தனை வருடத்தில் வந்தார்கள், எதைக் கட்டினார்கள், யார் அதில் இருக்கிறார்கள் என்பதை ஊர் ஊராகக் கேட்டு எழுத வேண்டும். கசட் நாடா வருடா வருடம் பூஞ்சணம் பிடித்துப் போகிறது. அடுத்த விமானத்துக்குத் தயாராகும் பிள்ளைக்கு அந்த விபரம்தான் மிகவும் தேவைப்படுகிறது. அவன் வாப்பாவும் மூத்தப்பாவும் அதை அவனுக்கு முழுமையாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.